பாடம் 7: பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைக்கு இளைஞர் பணி எவ்வாறு உதவுகிறது?



மண்சரிவு அபாயம் காரணமாக லயத்தை விட்டு வெளியேறி, பாதுகாப்பு நிலையத்திலோ உறவினர் வீட்டிலோ சில காலம் இருந்துவிட்டு இப்போது மீண்டும் ஹாலிஎலைக்கும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் திரும்பியிருக்கிறீர்கள். கூரை, தண்ணீர், மலசலகூடம், நிவாரண அட்டை என்று பல வேலைகள் உங்கள் முன் உள்ளன. அவற்றைப் பற்றி முன்னைய பாடங்களில் படித்தீர்கள். இப்பாடம் வீட்டுக்குள் இருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றியது. இடம்பெயர்வதற்கு முன் பாடசாலைக்குப் போன பிள்ளை, திரும்பி வந்த பின் போகாமல் இருக்கலாம். அல்லது முன்பே நின்றுவிட்ட பிள்ளையாகவும் இருக்கலாம்.

இப்பாடத்தைப் படித்து முடிக்கும்போது நீங்கள் மூன்று விடயங்களை அறிந்திருப்பீர்கள்:

1. பிள்ளை ஏன் பாடசாலையை விட்டு விலகுகிறது.
2. இளைஞர் பணியாளர் என்பவர் யார், அவர் என்ன செய்வார்.
3. வீட்டார் என்ற முறையில் நீங்கள் என்ன செய்யலாம், எங்கே போகலாம்.

1. இடைவெளி எப்படி இடைவிலகல் ஆகிறது?

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை எமது மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. உயிர் தப்பிய குடும்பங்கள் நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிக இடங்களில் நெடுநாள் வாழ வேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. இப்படிப்பட்ட ஒவ்வொரு அனர்த்தத்திலும் பாடசாலைக் கட்டடமே மக்கள் தங்கும் இடமாக மாறுகிறது. பிள்ளை படித்த வகுப்பறையில் குடும்பங்கள் பாய் விரித்துப் படுக்கின்றன. வகுப்பு நடப்பதில்லை.

முதல் வாரம் பிள்ளைக்கு அது விடுமுறை போலத் தெரியும். ஒரு மாதம் ஆனதும் கொப்பிகள் எங்கே என்று தெரியாது. இரண்டு மாதம் ஆனதும் கணிதப் பாடத்தில் மற்றப் பிள்ளைகள் முன்னே போயிருப்பார்கள். மூன்றாவது மாதத்தில் பிள்ளையின் கையில் கொஞ்சம் காசு இருக்கலாம், ஏனென்றால் யாரோ ஒருவர் வேலைக்குக் கூப்பிட்டிருப்பார். அதற்குப் பிறகு "நாளைக்குப் போறேன்" என்ற பேச்சு நின்றுவிடும். பிள்ளை ஒரே நாளில் பாடசாலையை விடுவதில்லை. போகாத நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, திரும்பிப் போவது வெட்கமான காரியமாகிவிடுகிறது.

தோட்டப் பகுதிகளில் இதற்கு முன்பிருந்தே சில காரணங்கள் உண்டு:

- தூரம். தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிலிருந்தே அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. அவற்றில் பல இன்றும் தரம் 5 வரை மட்டுமே உள்ளவை. தரம் 6 க்குப் பிள்ளை வேறு பாடசாலைக்கு, பெரும்பாலும் நகரத்துக்கு, நடந்தோ பஸ்ஸிலோ போக வேண்டும். பாதை சரிந்திருந்தால் அந்தப் பயணம் இன்னும் நீளும்.
- செலவு. கல்வி இலவசம், பாடநூலும் இலவசம். பஸ் காசு, சப்பாத்து, கொப்பி, பிரத்தியேக வகுப்பு ஆகியவை இலவசமல்ல.
- பொறுப்பு. தாய் கொழுந்து பறிக்கப் போனால் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதும் தண்ணீர் எடுப்பதும் மூத்த பிள்ளையின் தலையில் விழுகின்றன. தாய் வெளிநாடு போயிருந்தால் சுமை இன்னும் கூடும்.
- மனம். மழை பெய்தால் தூங்க முடியாத பிள்ளை, இறந்துபோன கூட்டாளியை நினைக்கும் பிள்ளை, வகுப்பில் அமைதியாக இருந்து படிப்பது கடினம். இதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள்.

2. சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்பு 14 வயதாக இருந்த எல்லை 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் 14 இலிருந்து 16 ஆனது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்த முடியாது.

இதை உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பிள்ளை பாடசாலைக்குத் திரும்புவது எவரும் போடும் பிச்சையல்ல, அது பிள்ளையின் உரிமை. "இவ்வளவு நாள் வரவில்லை, இனி இடமில்லை" என்று யாரும் கூறினால், இந்தச் சட்டத்தை வைத்தே நீங்கள் வலயக் கல்விப் பணிமனையில் பேசலாம்.

3. இளைஞர் பணி என்றால் என்ன?

ஆசிரியர் வகுப்பறையில் இருந்து பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறார். இளைஞர் பணியாளர் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வருகிறார். அது விளையாட்டு மைதானமாக இருக்கலாம், பஸ் தரிப்பிடமாக இருக்கலாம், லயத்து வாசலாக இருக்கலாம். அவர் புள்ளி போடுவதில்லை, தண்டிப்பதில்லை. பிள்ளையோடு பழகி, நம்பிக்கையைப் பெற்று, அடுத்த அடியைப் பிள்ளையே தீர்மானிக்க உதவுவதே அவருடைய வேலை.

எமது நாட்டில் இதற்கு ஓர் அரச அமைப்பு உண்டு. 1979 ஆம் ஆண்டின் 69 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் இயங்குகிறது. கிராமங்களிலும் தோட்டங்களிலும் உள்ள இளைஞர் கழகங்கள் அதனுடன் தொடர்புடையவை. பிரதேச செயலகத்தில் இளைஞர் சேவை உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். இவர்களோடு தொண்டு நிறுவனங்களின் கள உத்தியோகத்தர்களும், தோட்டத்திலேயே உயர்தரம் முடித்த இளைஞர், யுவதிகளும் இப்பணியைச் செய்கிறார்கள்.

பிற நாடுகளில் இது எப்படி நடக்கிறது என்பதையும் பார்ப்போம். பின்லாந்து நாட்டில் "தேடிச் செல்லும் இளைஞர் பணி" அந்நாட்டின் இளைஞர் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. படிப்பை இடையில் விட்ட இளையவரைப் பணியாளர் தேடிப் போகிறார். உதவியை ஏற்பதும் மறுப்பதும் இளையவரின் விருப்பம்.

நமக்கு இன்னும் அருகில், இந்தியாவின் ஆந்திராவில் (இன்றைய தெலங்கானாவில்) ரங்காரெட்டி மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில் எம்.வி. பவுண்டேசன் என்ற அமைப்பு வயலிலும் வீட்டிலும் வேலை செய்த பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுவரத் தொடங்கியது. அந்தந்தக் கிராமத்து இளைஞர்களே வீடு வீடாகச் சென்று பெற்றோரோடு பேசினார்கள். நீண்ட காலம் படிக்காத பிள்ளைகளை நேராக வகுப்பில் உட்கார வைக்காமல், முதலில் "இணைப்பு முகாம்" ஒன்றில் தங்கவைத்துப் படிக்கப் பழக்கி, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தார்கள். அப்பணிக்குத் தலைமை தாங்கிய சாந்தா சின்ஹாவுக்கு 2003 இல் மகசேசே விருது கிடைத்தது. ஏழைப் பெற்றோர் பிள்ளைகளைப் படிக்க வைக்க விரும்புவதில்லை என்ற பேச்சு தவறு என்பதை அந்த அனுபவம் காட்டியது. பெற்றோருக்கு விருப்பம் இருந்தது. போகும் வழியைக் காட்டி உடன் வர ஒருவர் இல்லாமல்தான் இருந்தது.

4. பணி எப்படி நடக்கிறது? ஓர் உதாரணம்

பின்வருவது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதையல்ல. பல வீடுகளில் நடக்கக்கூடியதை விளக்க எழுதப்பட்டது.

பதினைந்து வயது மகன். தரம் 10. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்ததால் குடும்பம் வெளியேறியது. சில வாரங்கள் பாதுகாப்பு நிலையம், பிறகு வெலிமடைப் பக்கம் மாமா வீடு. மாமா கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றும் லொறியில் வேலை செய்பவர். மகனும் கூடப் போனான். உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினான். நாளாந்தம் கையில் காசு வந்தது. குடும்பம் தோட்டத்துக்குத் திரும்பிய பின்னும் அவன் பாடசாலைக்குப் போகவில்லை.

முதற்படி: சந்தித்தல். பணியாளர் முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது பாடசாலையைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டுச் சேதத்தைப் பார்த்தார், தேநீர் குடித்தார். அடுத்த ஞாயிறு தோட்டத்து மைதானத்தில் கரப்பந்து விளையாட வரும்படி மகனைக் கூப்பிட்டார்.

இரண்டாம் படி: கேட்டல். மூன்றாவது வாரம்தான் உண்மை வெளியே வந்தது. "போனா எல்லாருக்கும் முன்னால நிக்க வச்சுக் கேப்பாங்க. கணக்கும் ஒண்ணும் விளங்காது. அதோட நான் கொண்டு வர்ற காசுல தான் கடைக் கணக்கு கட்டுறாங்க" என்றான். வீட்டார் அதுவரை "படிப்பில் ஆசை இல்லை" என்றே எண்ணியிருந்தார்கள். உண்மையில் இருந்தவை மூன்று தனித்தனிப் பிரச்சினைகள்: வெட்கம், விடுபட்ட பாடம், கடன்.

மூன்றாம் படி: ஒவ்வொன்றாகத் தீர்த்தல். பணியாளர் தாயோடு சேர்ந்து அதிபரைச் சந்தித்தார். பிள்ளை வரும் நாளில் வகுப்பில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வதாக வகுப்பாசிரியர் உடன்பட்டார். இழந்த பாடநூல்களைப் பாடசாலை திரும்பக் கொடுத்தது. உயர்தரம் முடித்த அக்கா ஒருவர் வாரத்தில் மூன்று மாலை கணிதமும் சிங்களமும் சொல்லிக் கொடுத்தார். பஸ்ஸுக்கு மாணவர் பருவகாலச் சீட்டு எடுக்கப்பட்டது. கடனைப் பொறுத்தவரை, அஸ்வெசும கொடுப்பனவு வராமல் நின்றிருந்ததைப் பிரதேச செயலகத்தில் முறையிட்டார்கள். கடைக்காரரோடு பேசிக் கணக்கைத் தவணையாகக் கட்ட ஒழுங்கு செய்தார்கள்.

நான்காம் படி: விடாமல் தொடர்தல். மகன் பாடசாலைக்குப் போனான். இரண்டாவது வாரம் இரண்டு நாள் போகவில்லை. லொறி வந்தது, ஏறிவிட்டான். பணியாளர் சண்டை பிடிக்கவில்லை. அன்று மாலையே வந்து, நாளை போவதற்கு என்ன தேவை என்று மட்டும் கேட்டார். திரும்பிய பிள்ளை மறுபடி தடுமாறுவது வழமை. அந்த நேரத்தில் எவரும் வராவிட்டால்தான் பிள்ளை நிரந்தரமாக நின்றுவிடும். ஆகவே குறைந்தது ஒரு தவணை முழுவதும் பின்தொடர்வது அவசியம்.

5. பாடசாலைக்குத் திரும்பினால் மட்டும்தானா? வேறு வழிகள்

16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாடசாலையே முதல் வழி. அதற்கு மேற்பட்டவர்களுக்கும், நெடுங்காலம் விலகியிருந்தவர்களுக்கும் வேறு கதவுகளும் உண்டு:

- முறைசாராக் கல்வி. வலயக் கல்விப் பணிமனையில் முறைசாராக் கல்விப் பிரிவு உள்ளது. பாடசாலை செல்லாத பிள்ளைகளுக்கான வகுப்புகள் பற்றி அங்கே விசாரிக்கலாம்.
- தனிப்பட்ட பரீட்சார்த்தி. பாடசாலையை விட்டவரும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம். முன்பு தோற்றிச் சித்தியடையாதவர் மீண்டும் எழுதலாம்.
- 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வி. 2017 இல் ஆரம்பிக்கப்பட்ட இத்திட்டத்தின் கீழ், சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் தரம் 12 இல் தொழிற்பாடங்களைத் தொடரலாம்.
- தொழிற்பயிற்சி. தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றில் விசாரியுங்கள். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் (என்.வி.கியூ.) 1 முதல் 7 வரை மட்டங்களைக் கொண்டது. மேசன், மின்னிணைப்பு, வாகனத் திருத்தம் போன்றவற்றை வேலை செய்தே பழகியவர், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் சோதனைக்குத் தோற்றியும் சான்றிதழ் பெறலாம்.

விண்ணப்பிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பயிற்சி தமிழ் மொழியில் நடக்கிறதா? வயதெல்லை என்ன? முடிவில் கிடைப்பது என்.வி.கியூ. சான்றிதழா? மொழி தெரியாத வகுப்பில் சேர்ந்து பாதியில் நின்றால், பிள்ளை இரண்டாவது தடவையும் தோற்றதாகவே எண்ணும்.

6. பெண் பிள்ளைகள்

பெண் பிள்ளை பாடசாலையை விட்டு நின்றால் பல வேளைகளில் அது வெளியே தெரிவதில்லை. அவள் வீட்டிலேயே இருப்பதால் "உதவியாக இருக்கிறாள்" என்றுதான் சொல்வோம். பிறகு ஒரு நாள் கொழும்பில் நல்ல வீடு இருக்கிறது, சாப்பாடும் தங்குமிடமும் தருவார்கள் என்று ஒரு தரகர் வருவார். 2021 இல் கொழும்பில் வீட்டு வேலைக்குச் சென்றிருந்த மலையகச் சிறுமி ஒருவரின் மரணம் நாடு முழுவதையும் உலுக்கியது. அனர்த்தத்துக்குப் பிந்திய மாதங்களில், வீட்டில் பணமில்லை என்று தெரிந்தே தரகர்கள் வரக்கூடும். விலாசம் சொல்லாத, முற்பணம் நீட்டுகிற எவரோடும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கான குழுவைப் பெண் பணியாளர் நடத்துவது நல்லது. மாலை இருட்டும் முன் முடியும் நேரம், லயத்துக்கு அருகில் உள்ள இடம், தம்பி தங்கையை உடன் கூட்டிவர அனுமதி ஆகிய மூன்றும் இருந்தால் வரவு கூடும். குழு கூடும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட முடியுமா என்று அங்குள்ள சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள்.

7. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

- "ஏன் போகவில்லை?" என்று கேட்பதற்குப் பதிலாக "போனால் எது கஷ்டமாக இருக்கும்?" என்று கேளுங்கள். முதற் கேள்வி குற்றம் சாட்டுவது போல ஒலிக்கும். இரண்டாவது பதில் சொல்ல இடம் தரும்.
- பிள்ளை கொண்டு வரும் காசை வீட்டின் நிரந்தர வருமானமாகக் கணக்கிட வேண்டாம். கணக்கிட்டுவிட்டால், பிள்ளை திரும்பிப் போக நினைத்தாலும் அதைச் சொல்ல மாட்டாது.
- அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.
- படிக்க ஓர் இடமும் ஒரு நேரமும் ஒதுக்குங்கள். ஒரே காம்பராவில் எல்லோரும் இருந்தாலும், மாலையில் ஒரு மணித்தியாலம் தொலைக்காட்சியை நிறுத்தி வைக்கலாம்.
- ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் மண்ணில் போயிருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். பிறப்பே பதியப்படாதிருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றிக் கேளுங்கள். பாடசாலை மாறுவதாயின் விடுகைப் பத்திரம் தேவை. 15 வயது நிறைந்ததும் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பரீட்சைக்கு அது வேண்டும்.

8. நல்ல இளைஞர் பணியாளரை அடையாளம் காண்பது எப்படி?

பிள்ளையை நம்பி ஒப்படைப்பதால், நீங்கள் விசாரிப்பதில் தவறில்லை. நல்ல பணியாளர் தமது அடையாள அட்டையைக் காட்டுவார், எந்த நிறுவனம் என்று சொல்வார், உங்கள் சம்மதத்தைக் கேட்பார். சந்திப்புகளைத் திறந்த இடத்தில் நடத்துவார். பணம் கேட்க மாட்டார். பிள்ளையைத் தனியாக வெளியூருக்குக் கூட்டிப் போக மாட்டார். பிள்ளையின் படத்தை அனுமதியின்றி எடுக்க மாட்டார். இதற்கு மாறாக நடந்தால், அவர் யாராக இருந்தாலும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்து அறிவியுங்கள்.

கூட்டத்தில் கலந்துரையாடுவதற்கு

1. எமது லயத்தில் அனர்த்தத்துக்கு முன் பாடசாலைக்குப் போய், இப்போது போகாத பிள்ளைகள் எத்தனை பேர்? பெயர்களை வெளியே சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் கூறுங்கள்.
2. அவர்களுக்கு உள்ள தடைகளில் எவற்றை நாமே சேர்ந்து நீக்கலாம்? (எடுத்துக்காட்டு: சரிந்த பாதையில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டாகக் கூட்டிச் செல்லுதல்.) எவற்றுக்குத் தோட்ட நிர்வாகத்திடமோ அதிபரிடமோ பேச வேண்டும்?
3. எமது டிவிசனில் உயர்தரம் முடித்து வீட்டில் இருக்கும் இளைஞர், யுவதிகள் யார்? வாரத்தில் இரண்டு மாலை பாடம் சொல்லித் தர அவர்கள் உடன்படுவார்களா?

இந்த வாரம் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டில் பாடசாலைக்குப் போகாத பிள்ளை இருந்தால், ஏழு நாட்களுக்குள் அதிபரையோ, கிராம உத்தியோகத்தரையோ, பிரதேச செயலகத்தில் உள்ள இளைஞர் சேவை உத்தியோகத்தரையோ, எமது கள உத்தியோகத்தரையோ சந்தித்துச் சொல்லுங்கள். நால்வரில் ஒருவரிடம் சொன்னாலே போதும். வீடு முழுதாகத் திருத்தி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கூரைத் தகரத்தை அடுத்த மாதமும் போடலாம். பிள்ளை நின்று இரண்டு வாரம் ஆனபோது பேசுவது இலேசு. இரண்டு வருடம் ஆன பின் அதே பிள்ளையைத் தேட வேண்டிய இடம் கொழும்பில் ஏதாவது ஒரு கடையாக இருக்கும்.